வீடு இருப்பதுபோல் இருக்கட்டும்

“நாளைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வீடியோ காலில் வீட்டைப் பார்க்கப்போகிறார்களாம்” என்று சொன்னால் போதும். அம்மா அன்றிரவே கால்மிதியைச் சுருட்டிவிடுவார். குளியலறை வாளி மறைந்துவிடும். விருந்தாளி வருமுன் வீட்டை ஒழுங்குபடுத்துவது நம் பழக்கம். இந்த விருந்தாளிக்கு மட்டும் அது உதவாது.

ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் எனப்படும் செயல்முறைச் சிகிச்சையாளர், முதியவர்கள் குளிப்பது, சமைப்பது போன்ற அன்றாட வேலைகளைப் பாதுகாப்பாகச் செய்ய வழிகாட்டுபவர். எங்கே தடுக்கும், எங்கே வழுக்கும் என்பதை அவர் நேரில் வந்தும் பார்ப்பார். காணொளி அழைப்பிலும் பார்ப்பார். காணொளியில் அவருக்குக் கண் உங்கள் கைப்பேசிதான்.

ஆகவே, அம்மா இரவில் எழுந்து நடக்கும் வழியை அப்படியே காட்டுங்கள். விளக்கு சுவிட்ச் கைக்கு எட்டுகிறதா? சாமி மேடை அருகே தரையில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா? அடிக்கடி எடுக்கும் பாத்திரம் மேல்தட்டில் இருக்கிறதா? குளியலறைப் படியின் உயரம், கழிவறை இருக்கையின் உயரம், கதவின் அகலம் ஆகியவற்றை முன்கூட்டியே அளந்து வையுங்கள்.

“வழுக்குகிறதா அம்மா?” என்று கேட்டால், “எனக்கென்ன, நல்லாத்தான் நடக்கிறேன்” என்பார். அதைவிட, அவர் எதைப் பிடித்துக்கொண்டு எழுகிறார் என்று கவனியுங்கள். துண்டு மாட்டும் கம்பியையோ கைகழுவும் தொட்டியையோ பிடித்தால், சிகிச்சையாளரிடம் அவசியம் சொல்லுங்கள். உடல் எடையைத் தாங்குவதற்காக அவை பொருத்தப்படவில்லை.

ஒரு எச்சரிக்கை: தடுமாறினால் திரைக்கு அப்பால் இருப்பவரால் தாங்கிப் பிடிக்க முடியாது. அம்மாவை நடந்து காட்டச் சொல்லும்போது ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். கைப்பேசியை இன்னொருவர் பிடிக்கட்டும். அவர் அடிக்கடி விழுந்திருந்தாலோ மறதி இருந்தாலோ, நேரில் வரமுடியுமா என்று கேளுங்கள்.

சிகிச்சையாளர் கைப்பிடி பொருத்தச் சொன்னால் செலவை நினைத்துத் தள்ளிப்போடாதீர்கள். சிங்கப்பூரருக்குச் சொந்தமான வீவக வீட்டில் 65 வயதோ அதற்கு மேலோ ஆனவர் இருந்தால், ‘ஈஸ்’ திட்டத்தின்கீழ் கைப்பிடி, சாய்தளம், குளியலறைத் தரை வழுக்காமலிருக்கச் செய்யும் பூச்சு போன்றவற்றுக்கு 95 விழுக்காடு வரை மானியம் உண்டு.

எல்லாவற்றுக்கும் முன்னால் அம்மாவின் சம்மதத்தைக் கேளுங்கள். படுக்கையறையையும் குளியலறையையும் முன்பின் அறியாதவருக்குக் காட்டுவது அவருக்குக் கூச்சமாக இருக்கலாம். எங்கெங்கே கைப்பிடி வேண்டும் என்பதையும் அவரே சொல்லட்டும். பிடிக்கப்போவது அவர் கைதானே!