"குடும்பத் தகராறே காரணம்"

அமெரிக்க எழுத்தாளர் கிலியன் பிளின் எழுதி 2012 ஆம் ஆண்டு வெளிவந்த 'கோன் கேர்ள்' நாவலை அண்மையில் நோர்வூட்டில் தங்கியிருந்த மழை நாட்களில் வாசித்து முடித்தேன். 2014 இல் டேவிட் பிஞ்சரின் இயக்கத்தில் திரைப்படமாகவும் வந்துவிட்ட கதை என்பதால், அதன் இரகசியத்தை இங்கே உடைப்பதற்காக வாசகர்கள் என்னைக் கோபிக்கமாட்டார்கள் என நம்புகின்றேன்.

நிக், ஏமி இருவரும் நியூயோர்க்கில் சஞ்சிகைகளில் எழுதிப் பிழைத்து, பின்னர் வேலை இழந்தவர்கள். (பிளினும் அவ்வாறு ஒரு சஞ்சிகையில் வேலை இழந்தவரே. பத்திரிகைக்காரன் என்ற முறையில் இந்த இடத்தைச் சற்று மெதுவாகவே கடந்தேன்.) மிசூரி மாநிலத்திலுள்ள கணவனின் ஊருக்குக் குடிபெயர்கின்றார்கள். ஐந்தாவது திருமண நாளன்று காலை ஏமி காணாமற் போகின்றாள். அவளது நாட்குறிப்பு, கணவனுக்கு அஞ்சி வாழ்ந்த ஒரு பெண்ணைக் காட்டுகின்றது. பாதிக் கதைக்குப் பின்னர்தான் உண்மை தெரிகின்றது: ஏமி உயிரோடு இருக்கின்றாள். தன் மாணவியுடன் உறவு வைத்திருந்த கணவனைக் கொலைக் குற்றவாளியாக்கித் தூக்கு மேடைக்கு அனுப்ப அவள் புனைந்ததே அந்த நாட்குறிப்பு.

ஏமியை அரக்கி என்றும், நாவலைப் பெண்களுக்கு எதிரானது என்றும் குறை கூறியவர்கள் பலர். எனக்கு அது சரியாகப் படவில்லை. அந்தப் பொய் நாட்குறிப்பை வாசகர் ஏன் நம்பினார் என்பதே கேள்வி. உண்மையான ஆயிரம் இல்லங்களின் சாயல் அதில் இருந்ததனாலேயே நம்பினார். நாவலில் வரும் பொலிஸாரும் தொலைக்காட்சிக்காரர்களும் நம்பியது அதனாலேயே.

நமது மரபில் இத்தகைய மனைவி எங்கே? கண்ணகியின் சினம் மதுரையை எரித்தது. மாதவியிடம் போய்த் திரும்பிய கோவலனைத் தீண்டவில்லை. வீணை எஸ். பாலச்சந்தரின் 'அந்த நாள்' (1954) திரைப்படத்தில் ராஜனுக்கு வேறொரு பெண்ணின் தொடர்பும் உண்டு. ஆயினும் மனைவி உஷாவைத் துப்பாக்கி எடுக்க வைத்தது அவனது தேசத் துரோகமே. நீதிக்காகவும் நாட்டுக்காகவும் ஒரு மனைவி பொங்கலாம். தனக்காகப் பொங்குவதை நமது கற்பனை இலகுவில் அனுமதிப்பதில்லை.

இந்த நாவலை நோர்வூட்டில் நிகழ்த்திப் பார்த்தால் முதல் அத்தியாயத்திலேயே இடறும். ஏமியின் சூழ்ச்சிக்குத் தனி வீடு வேண்டும், கையில் பணம் வேண்டும். லயத்துக் காம்பராவில் இருமினால் அடுத்த காம்பராவுக்குக் கேட்கும். கணவன் எங்கே போய் வருகின்றான் என்பது மனைவிக்குத் தெரியுமுன்னர் பிரட்டுக்களத்துக்குத் தெரிந்துவிடும். இங்கே துரோகம் இரகசியமாக இருப்பதில்லை. எல்லோரும் அறிந்த ஒன்றை அறியாதவள் போல, விடிந்ததும் கூடையைச் சுமந்து மலைக்குப் போகவேண்டியிருப்பதே அவளது வேதனை. மர்மக்கதைக்கு அது குறைந்த பொருளா?

பணத்தின் கதையோ இன்னும் கசப்பானது. ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமான நாட்சம்பளம் தோட்டங்களில் 1984 ஆம் ஆண்டிலேயே கிடைத்தது. அந்தச் சம்பளத்தையும் கணவனோ தகப்பனோ போய் வாங்கிக்கொள்ளும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. அவள் பறித்த கொழுந்தின் கூலி, சில வீடுகளில் சாராயக் கடைக்கும், சில வீடுகளில் இன்னொருத்தியின் அடுப்படிக்கும் போயிருக்கின்றது. மணத் துரோகம் என்பது படுக்கையறையோடு முடிவதென்று எண்ணுவோர் இதையும் கணக்கில் எடுக்கவேண்டும்.

மலையக நாவல்கள் செய்த பணி பெரிது. கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' குடிபெயர்ந்தோரின் துயரையும், தி. ஞானசேகரனின் 'குருதிமலை' எழுபதுகளில் தோட்ட மக்கள் எதிர்கொண்ட வன்முறையையும் பதிவு செய்தன. துரையையும் கங்காணியையும் குடியுரிமை பறித்த 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தையும் நமது எழுத்தாளர்கள் விட்டுவைக்கவில்லை. எதிரி வெளியே நின்ற காலத்தில் எழுத்தும் வெளியே பார்த்தது நியாயமே. ஆனால் காம்பராவுக்குள் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் எவ்வாறு கணக்குப் பார்த்தார்கள் என்பதற்கு இவற்றில் கிடைத்த இடம் சிறிது.

பத்திரிகைகளைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். தோட்டமொன்றில் ஒரு பெண் வெட்டுக் காயத்துடன் வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டால் நான்கு வரி. இறுதி வரி எப்போதும் ஒன்றே: குடும்பத் தகராறே காரணம் எனப் பொலிஸார் தெரிவித்தனர். அந்த நான்கு வரிக்குப் பின்னால் பத்து ஆண்டுகள் இருக்கும். இரவு வேளையில் என்ன பேசப்பட்டது, எது பேசப்படவில்லை, அவள் எத்தனை முறை தாய்வீட்டுக்குப் போய்த் திருப்பி அனுப்பப்பட்டாள், எந்த நாளில் அஞ்சுவதை நிறுத்தினாள் என்பவற்றுக்கு நான்கு வரியில் இடமில்லை.

ஹட்டனிலிருந்தோ நோர்வூட்டிலிருந்தோ ஓர் இளம் எழுத்தாளர், குறிப்பாக ஒரு பெண், இதை எழுத முன்வந்தால் பிளினின் சூழ்ச்சி முடிச்சுகளைக் கடன் வாங்கவேண்டியதில்லை. சம்பள நாளிலிருந்து தொடங்கலாம். செக்ரோலில் பெயர் அவளுடையது. காசை எண்ணி மடியில் வைத்துக்கொண்டு பாதையில் இறங்குபவன் அவன். இஸ்தோப்பில் நின்றபடி, அவன் எந்தப் பக்கம் திரும்புகின்றான் என்று அவள் பார்த்துக்கொண்டிருக்கின்றாள்.