ஓடும் குருதியை ஓடவிட்டே சோதித்தல் வேண்டும்

டெங்குக் காய்ச்சல் பரவுங் காலங்களில் நம் நாட்டில் வீட்டுக்கு வீடு எழும் வினா ஒன்றுண்டு: "பிளேற்லெற் எவ்வளவு?" 1,86,000க்கு மேற்பட்ட நோயாளர் பதிவான 2017ஆம் ஆண்டின்பின் இவ்வினாவை அறியாதார் அரியர். பாடநூல்கள் குருதிச் சிறுதட்டு எனக் கூறுவது இதனையே. ஒரு கனமில்லிமீற்றர் குருதியில் 1,50,000 முதல் 4,50,000 வரை இவை இருத்தல் இயல்பு. டெங்கு நோயில் இவ்வெண்ணிக்கையின் வீழ்ச்சி நோயின் போக்கை வைத்தியர்க்கு உணர்த்துவதாதலின், எண்ணுதலை யான் பழிக்கவில்லை. ஆயின் எண்ணிக்கை ஒன்றையே கேட்டு அமைதியுறும் வழக்கம் நம்மிடை வேரூன்றிவிட்டது. வகுப்பில் நாற்பது மாணவர் வந்துளர் என்பதை இடாப்புக் காட்டும். அவருள் எத்தனை பேர் பாடங் கேட்கின்றனர் என்பதை எந்த இடாப்புங் காட்டாது. சிறுதட்டுக்கள் தம் தொழிலைச் செய்யுமா என்பது வேறு வினா. அதற்கு விடை காண்பதற்குக் குருதியை ஓடவிட்டுப் பார்த்தலே நேரிய வழி என்பதும், நுண்கால்வாய்க் கருவிகள் அவ்வழியைத் திறந்துள்ளன என்பதும் என் கருத்து.

எண்ணிக்கையை நம்பி ஏமாறுவதற்கு இடமுண்டு. சுவிற்சர்லாந்தின் குழந்தை வைத்தியர் கிளான்ஸ்மான் 1918இல் விவரித்த நோயிற் சிறுதட்டுக்களின் தொகை இயல்பாகவே இருக்கும்; ஆயின் அவை ஒன்றோடொன்று பிணையா. 1926இற் பின்லாந்து வைத்தியர் வொன் வில்லெபிரான்ட் ஆலந்துத் தீவுகளில் வாழ்ந்த ஒரு குடும்பத்தின் குருதிப்பெருக்கு நோயைப் பற்றி எழுதினார். அக்குடும்பத்துச் சிறுமியொருத்தியை அவர் கண்டபோது அவளுக்கு வயது ஐந்து. பதின்மூன்றாம் வயதில் மாதவிடாய்க் குருதி நில்லாமையால் அவள் இறந்தாள். அந்நோய்க்குக் காரணம், குருதியிலுள்ள ஒரு புரதத்தின் குறை எனப் பிற்காலத்தார் கண்டனர். நூற்பந்து போலச் சுருண்டு கிடக்கும் அப்புரதம், சிறு நாடியொன்றிற் காயம் நேரின் அவ்விடத்தைப் பற்றிக்கொண்டு, விரைந்தோடுங் குருதியின் இழுப்பினால் நீண்டு விரிந்து, கடந்து செல்லுஞ் சிறுதட்டுக்களைப் பிடித்து நிறுத்துகின்றது. அவ்விரிவுக்கு ஓட்டம் வேண்டும். நிலைத்து நிற்குங் குருதியில் இதன் ஆற்றலைத் தேடுதல், காற்றுப் புகாத அறையிற் பாயை விரித்து வத்தையின் வேகத்தை மதிப்பிடுவதை ஒக்கும்.

வியப்பு யாதெனில், சிறுதட்டின் தொழிலை முதலில் உணர்ந்த இத்தாலியர் பிட்சொட்செரோ அதனை ஓடுங் குருதியிலேயே கண்டார் என்பது. 1882இல் வெளியான தம் ஆய்வில், உயிருள்ள விலங்கின் நுண்ணிய குருதிக்கலன்களை நுணுக்குக்காட்டியின்கீழ் வைத்து, சேதமுற்ற சுவரில் இவை ஒட்டித் திரள்வதை அவர் விவரித்தார். சிறு தட்டு எனப் பொருள்படும் பெயரையும் அவரே இட்டார். நம் கலைச்சொல் அதன் நேர்மொழிபெயர்ப்பு. வடிவம் பற்றி எழுந்த அப்பெயர் தொழில் பற்றி எழுந்திருப்பின், எண்ணிக்கையில் நாம் இத்துணை மயங்கியிரோம் என்று தமிழாசிரியனாகிய எனக்குச் சிலவேளை தோன்றுவதுண்டு.

பின்வந்த சோதனைகள் இயற்கை ஓட்டத்தை விட்டு விலகின. 1910இல் டியூக் என்பார் காதுச்சோணையைக் கீறி, ஒற்றுத்தாளால் ஒற்றி, குருதி நிற்கும் நேரத்தைக் கணித்தார். எளிய முறைதான்; ஆயினும் தோலின் தன்மையும் கீறுவோர் கைப்பழக்கமும் விடையை மாற்றிவிடும். 1962இல் போர்ண் வகுத்த முறை இன்றும் பெருமதிப்புடையது. செங்குழியங்களை நீக்கி, சிறுதட்டு மிகுந்த திரவத்தைக் கலக்கிக்கொண்டே தூண்டுபொருள் சேர்த்து, அதனூடே செல்லும் ஒளியை அளப்பர். ஆயின் நாடியுள் ஓடுங்கால் சிறுதட்டுக்களைச் சுவரோரமாக ஒதுக்குவன செங்குழியங்களே. அவற்றை நீக்கியபின் இயற்கை நிலை ஏது? அன்றியும், பல மில்லிலீற்றர் குருதி வேண்டும். பச்சிளங் குழவியிடம் அத்துணை எடுப்பது எங்ஙனம்?

நுண்கால்வாய்க் கருவி இக்குறைகளுக்கு மருந்தாகின்றது. தெளிந்த சிலிக்கோன் இறப்பரில் மயிரளவு அகலமுள்ள கால்வாய்களை வார்த்து, கண்ணாடித் தகட்டின்மேல் ஒட்டுவர். கால்வாயின் ஒரு பகுதியிற் கொலாஜன் பூசப்படும். குருதிக்கலன் கிழியுமிடத்து வெளிப்படுவதும் அப்புரதமே. ஒளிருஞ் சாயமேற்றிய முழுக்குருதியை நாடியின் வேகத்திலோ நாளத்தின் வேகத்திலோ செலுத்தி, சிறுதட்டுக்கள் ஒட்டுவதையுந் திரள்வதையும் கண்ணெதிரே காண்பர். ஒரு மில்லிலீற்றருங் குறைந்த குருதியே போதும். கால்வாயை ஓரிடத்தில் ஒடுக்கிவிட்டால், கொழுப்புப் படிந்து ஒடுங்கிய நாடியின் நிலையையும் ஆராயலாம். அஸ்பிரின் உண்போரிடத்து அம்மருந்து சிறுதட்டுக்களை எவ்வளவு அடக்கியுள்ளது என்பதையும் இவ்வாறு நோக்க இயலும். கருவற்ற சிறுதட்டு, அஸ்பிரின் முடக்கிய நொதியைப் புதிதாக ஆக்கிக்கொள்ள மாட்டாது. ஏழு முதல் பத்து நாள் வரையிலான தன் வாழ்நாள் முழுதும் முடங்கியே கிடக்கும்.

இஃது ஆராய்ச்சியாளரின் விளையாட்டுப் பொருள் என்பாருமுளர். அவர் கூற்றில் ஒரு பங்கு உண்மையுண்டு. ஓர் ஆய்வுகூடத்துக் கால்வாயின் அகலம் வேறு, மற்றொன்றினது வேறு. பூசுங் கொலாஜனும், உறையாமைக்குச் சேர்க்கும் பொருளும், ஓட்டத்தின் வேகமும் இடத்துக்கிடம் மாறுகின்றன. ஆதலின் ஓரிடத்து விடையை மற்றோரிடத்து விடையோடு ஒப்பிடுதல் கடினம். ஆனால் இக்குறை அளவைகளை ஒருமைப்படுத்தாமையால் வந்தது. ஓடவிட்டுப் பார்க்கும் முறையின் குறை அன்று. காதுச்சோணையிலும் முன்கையிலும் கீறிய பழஞ்சோதனையோ பன்னெடுங்காலம் வழக்கத்தின் வலியாலேயே நின்றது. அறுவைக்கு முன் அதனை வழமையாகச் செய்தலாற் பயனில்லை என அமெரிக்க நோயியலாளர் வெளிப்படையாகக் கூறியது 1998இலேதான்.

இம்மலரைப் படிக்கும் பழைய மாணவருள் வைத்தியர் பலர். வைத்தியசாலைகட்குக் கருவிகளை நன்கொடையாக அளிக்கும் செல்வரும் உளர். இத்தகைய கருவியொன்றை அளிக்க எண்ணுவோர், விலையை விசாரிக்குமுன் அதன் கால்வாய் எவ்வளவினது, யாது பூசியது, எவ்வேகத்தில் ஓட்டுவது என்பவற்றை எழுத்திற் பெறுதல் வேண்டும். நம் ஊரில் நலமுடன் வாழ்வோர் பலரின் குருதியை முதலில் ஓட்டி, இயல்பளவு இதுவெனக் குறித்து வைக்க ஆளுண்டா எனவும் வினாவுதல் வேண்டும். அவ்வாளைப் பயிற்றுஞ் செலவையுங் கருவியின் விலையோடு சேர்த்தே நன்கொடைக் கணக்கில் எழுதுக.