ஆடலாம் என்று சொன்னது யார்?

2021 மார்ச் 28, புனே. இங்கிலாந்துடன் மூன்றாவது ஒருநாள் போட்டி. தொடர் 1-1 என்று நிற்கிறது. கடைசி ஓவரில் அவர்களுக்கு 14 ரன் வேண்டும், சாம் கரன் அடித்து நொறுக்கிக்கொண்டு நிற்கிறார். பந்து சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜன் கையில். ராசிபுரத்தில் எங்கள் வீட்டில் அம்மா டி.வி. முன்னால் கைகூப்பி நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. அவருக்கு கிரிக்கெட் தெரியாது. "நம்ம பக்கத்துப் பையன்" என்பது மட்டும் தெரியும். இந்தியா 7 ரன்னில் வென்றது.

சரியாக முப்பதாவது நாள், ஏப்ரல் 27 அன்று, அந்தப் பையனுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை. 2024 ஐபிஎல்லில் 19 விக்கெட் எடுத்த பிறகும்கூட, புனேவுக்கு அப்புறம் இந்திய ஜெர்சியில் அவரை நாம் பார்க்கவில்லை.

இந்த முப்பது நாளைப் பற்றி கிரிக்கெட் வாரியம் ஓர் அறிக்கை விட்டது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவர் தேசிய கிரிக்கெட் அகாடமியில் நீண்ட மறுவாழ்வுப் பயிற்சி எடுத்தார். இங்கிலாந்து தொடரின் கடைசி இரண்டு ஆட்டங்களுக்கும் ஐபிஎல் தொடக்கத்துக்கும் மருத்துவரீதியாகத் தகுதியானவர் என்று கருதப்பட்டார். ஆனால் உயர்மட்ட விளையாட்டின் முழுச் சுமையைத் தாங்கும் உகந்த நிலையில் அவர் முழங்கால் இல்லை. பிறகு வலியும் வீக்கமும் வந்தன. சாரம் இதுதான்.

திரும்ப ஒருமுறை படியுங்கள். தகுதி இருந்தது. ஆனால் முழங்கால் தயாராக இல்லை. இரண்டும் ஒரே மூச்சில். பள்ளிக்கூடத்தில் தமிழய்யா "தோன்றா எழுவாய்" என்று சொல்லிக்கொடுத்தது எனக்கு இங்கேதான் முழுசாகப் புரிந்தது. "கருதப்பட்டார்" சரி, கருதியது யார்? மருத்துவரா, பிசியோவா, உடற்பயிற்சியாளரா, தேர்வாளரா, கேப்டனா? வாக்கியத்தில் ஆளே இல்லை.

யார் மேலும் பழி போட எனக்கு ஆசையில்லை. அந்த அறையில் நான் இல்லை. ஒவ்வொருவரும் தங்கள் வேலையை ஒழுங்காகவே செய்திருக்கலாம். நான் சண்டை போடுவது அந்த எழுவாய் இல்லாத வாக்கியத்தோடு. எல்லாரும் சேர்ந்து பார்த்துக்கொண்டோம், 'டீம் ஒர்க்' என்று நாம் பெருமையாகச் சொல்கிறோமே, அந்தச் சொல்லோடு.

உடனே ஒரு பதில் வரும்: "நடராஜனே ஆடணும்னுதான் சொல்லியிருப்பாருங்க." சொல்லியிருப்பார்தான். நெட் பவுலராக விமானம் ஏறியவர். 2020 டிசம்பர் 2 ஒருநாள், 4 டி20, ஜனவரி 15 பிரிஸ்பேனில் டெஸ்ட் என்று ஒரே பயணத்தில் மூன்று வடிவத்திலும் அறிமுகம். பும்ரா, அஸ்வின், ஜடேஜா என்று ஒவ்வொருவராகக் காயத்தில் விழுந்ததால் திறந்த கதவு அது. 2015இல் ரஞ்சி அறிமுகத்தோடு பந்துவீச்சு முறையில் சந்தேகம் என்று புகார் வந்து, கையை மாற்றிப் பழகி, அடியிலிருந்து ஏறி வந்தவர். வயது 29. நெசவுக்கூலி அப்பா, ரோட்டோரக் கோழிக்கடை அம்மா. இப்படிப்பட்டவரிடம் போய் "வலிக்குதா?" என்று கேட்டால் என்ன பதில் வரும்? என் மாமாவிடம் கேட்டாலே "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்றுதான் வரும், அவர் ஓட்டுவது வெறும் டிராக்டர். ஆட வேண்டும் என்ற ஆசை யாருக்கு அதிகமோ அவரையே நீதிபதியாக உட்கார வைத்துவிட்டு, அதற்கு வீரரின் விருப்பத்தை மதித்தோம் என்று பெயர் வைப்பது சூழ்ச்சி இல்லை என்றால் சோம்பேறித்தனம்.

எனக்கு இது புத்தகத்தில் வந்த விஷயம் இல்லை. திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் மூன்றாம் வருடம், வாலிபால் அணியில் நான் செட்டர். பயிற்சியில் குதித்து இறங்கும்போது இடது முழங்கால் உள்ளே ஒரு சத்தம். ஈரக் குச்சி முறிவதுபோல. முதலில் கட்டுப் போடும் வைத்தியர். அவர் எண்ணெய் தடவி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார், எலும்பு நல்லா இருக்கு என்றார். உண்மைதான், எலும்புக்கு ஒன்றும் இல்லை. அடுத்து எலும்பு டாக்டர். வீக்கம் வடிந்திருந்தது. எக்ஸ்ரே பார்த்தார், "நடக்கலாம்" என்றார். அடுத்து பிசியோ அக்கா. வாரம் இரண்டு நாள், கரண்ட் வைத்தார்கள், தொடைக்குப் பயிற்சி. "லேசா ஓடிப் பாருங்க தம்பி." மூன்று வாரம் கழித்து மண்டலப் போட்டி இறுதி ஆட்டம். ஆடினேன். மூன்றாவது செட்டில் அதே கால், அதே சத்தம். எம்.ஆர்.ஐ. எடுத்தபோதுதான் லிகமென்ட் முழுசாக அறுந்திருந்தது தெரிந்தது. பக்கத்தில் இருந்த ஜவ்வும் கிழிந்திருந்தது. முதல் தடவையே கிழிந்ததா, இறுதி ஆட்டத்தில் கிழிந்ததா என்று இனி யாரும் சொல்ல முடியாது.

பல வருடம் அந்த பி.டி. சார் மேல் எனக்குக் கோபம். போன வருடம் ஒரு கல்யாணத்தில் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தார். தலை நரைத்திருந்தது. பேச்சு அங்கேதான் வந்தது. "டாக்டரே ஓக்கேன்னு சொன்னாருன்னுதான தம்பி உன்ன எறக்குனேன்" என்றார். டாக்டரிடம் நீங்கள் பேசினீர்களா சார் என்று கேட்டேன். இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நான் எங்க பேசுனேன். நீதான வந்து சொன்ன."

ஆமாம். நான்தான் சொன்னேன். டாக்டர் "நடக்கலாம்" என்றதை பிசியோவிடம் "பரவால்லைன்னாருங்க" என்றேன். பிசியோ "லேசா ஓடலாம்" என்றதை பி.டி. சாரிடம் "ஓடலாம்னுட்டாங்க சார்" என்றேன். ஒரு சொல்கூடப் பொய் இல்லை. நடக்கலாம் என்பது ஆடலாம் என்றாக மூன்று ஆள் தாண்டினால் போதும். அந்த மூன்று பேருக்கும் நடுவில் இருந்த ஒரே கம்பி நான், இறுதி ஆட்டம் ஆடத் துடித்த இருபது வயதுப் பையன். நான்கு பேர் என்னைக் கவனித்தார்கள், அதில் எந்த இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் பேசியதே இல்லை.

என் தொழிலில் இது தினசரி நடக்கிற கூத்து. ஒரு மாற்றத்தை மூன்று பேர் பார்த்து ஒப்புதல் போடுவார்கள். ஒவ்வொருவரும் அடுத்தவர் ஓட்டிப் பார்த்திருப்பார் என்று நம்புவார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு சர்வர் படுத்துவிடும். ஆனால் சர்வரை முந்தின நிலைக்குத் திருப்பிவிடலாம். முழங்காலுக்கு அந்த வசதி இல்லை.

"எங்க ஊர்ல அத்தனை பேருக்கு வசதி ஏதுங்க, பி.இ.டி. சார் ஒருத்தரே எல்லாம்" என்பது அடுத்த வாதம். இதில் பாதி நியாயம் இருக்கிறது. பெரியவடகம்பட்டியில் சின்ன வயதிலேயே வண்டி ஏறி வலது கால் நசுங்கிய மாரியப்பனை உயரம் தாண்டச் சொன்னது பள்ளி உடற்கல்வி ஆசிரியர்தான். அங்கே தொடங்கியதுதான் 2016 ரியோவில் 1.89 மீட்டர் தங்கம் வரைக்கும் போனது. அந்த ஆசிரியர்களைக் குறை சொல்பவன் நாக்கு அழுகும். ஆனால் கண்டுபிடிப்பவர், பயிற்சி கொடுப்பவர், கட்டுப் போடுபவர், ஆட்டத்தில் இறக்குபவர் நான்கும் ஒரே ஆள் என்றால், அவருக்குள் இருக்கும் பயிற்சியாளர் அவருக்குள் இருக்கும் வைத்தியனை எப்போதும் ஜெயித்துவிடுவார். கோப்பை வேண்டுமே, பள்ளிக்கூடப் பேர் வேண்டுமே. வசதி இல்லாத இடத்தில் ஒரே ஆள், வசதி உள்ள இடத்தில் பத்து ஆள். கேள்வி கேட்டால் இரண்டு இடத்திலும் பதில் சொல்ல ஆள் இல்லை.

பத்து ஆள் இருந்த இடத்துக்கே போவோம். 2024 ஆகஸ்ட் 7, பாரிஸ். வினேஷ் போகத் 50 கிலோ இறுதிப் போட்டிக்கு முன் 100 கிராம் கூடுதல் எடையில் தகுதி இழந்தார். உணவு நிபுணர், பிசியோ, பயிற்சியாளர், தலைமை மருத்துவர் எல்லாரும் உடன் இருந்தார்கள். ராத்திரி முழுக்கத் தூங்காமல் உழைத்தார்கள், முடியைக்கூட வெட்டினார்கள். ஆனால் சில நாளில் இந்திய ஒலிம்பிக் சங்கத் தலைவர் பி.டி. உஷா சொன்னது என்ன? எடையைப் பார்த்துக்கொள்வது வீரர், அவருடைய பயிற்சியாளர் பொறுப்பு, சங்கம் நியமித்த மருத்துவக் குழுவின் பொறுப்பு அல்ல என்று. விதிப்படி அது சரியாகவே இருக்கலாம். ஆனால் யார் எதற்குப் பொறுப்பு என்பதை இழவு விழுந்த பிறகா பிரித்து எழுதுவது? முதல் நாள் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்க வேண்டியது அல்லவா அது?

அதைவிடக் கொடுமை நம்மூரிலேயே நடந்தது. 2022 நவம்பரில் சென்னையில் 17 வயது கால்பந்து வீராங்கனை ஒருவர் அரசு மருத்துவமனையில் முழங்கால் லிகமென்ட் சிகிச்சைக்குப் போனார். சிகிச்சைக்குப் பின் இறுக்கமாகப் போட்ட கட்டு ரத்த ஓட்டத்தை நிறுத்தியது, காலை எடுத்தார்கள், உயிரும் போனது. இரண்டு மருத்துவர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். அதோடு செய்தி முடிந்தது. எனக்கு வேறு கேள்வி. கட்டுப் போட்டவர் இருக்கிறார், வார்டில் நர்ஸ் இருக்கிறார், கூட வந்தவர்கள் இருக்கிறார்கள். கால் விரல் சில்லிட்டிருக்கிறதா என்று மணிக்கு ஒருமுறை தொட்டுப் பார்க்க வேண்டியவர் பெயர் எங்காவது எழுதி இருந்ததா? அவர் "இப்பவே அவுக்கணும்" என்று சொன்னால் மேலே இருப்பவர் அதைக் கேட்டே தீர வேண்டும் என்று இருந்ததா?

பேச்சு அங்கேதான் முட்டுகிறது: வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம். வேலையை எவ்வளவு அழகாகப் பிரித்தாலும், கீழே இருப்பவர் சொல்லும் 'வேண்டாம்' செல்லுபடியாகாவிட்டால் குழு என்பது வெறும் குரூப் போட்டோ. பணக்கார ஊர்களும் இதில் விதிவிலக்கில்லை. 2015 ஆகஸ்டில் செல்சீ ஆட்டத்தில் ஈடன் ஹஸார்ட் விழுந்தார், நடுவர் கூப்பிட்டார், மருத்துவர் ஈவா கார்னேரோவும் பிசியோவும் ஓடினார்கள். சிகிச்சை பெற்றவர் சற்று வெளியே போக வேண்டும் என்பது விதி. ஏற்கெனவே ஒருவர் சிவப்பு அட்டையில் போயிருந்ததால் அணி ஒன்பது பேராகிவிட்டது. மேலாளர் மொரீன்யோ அவர்களுக்கு ஆட்டம் புரியவில்லை என்று பகிரங்கமாகத் திட்டினார். மருத்துவர் முதல் அணிப் பொறுப்பிலிருந்து ஒதுக்கப்பட்டார், வழக்குப் போட்டார், அடுத்த வருடம் கிளப் மன்னிப்புக் கேட்டது. மருத்துவருக்கு ஆட்டம் ஏன் புரிய வேண்டும்? அது புரியாமல் இருப்பதுதானே அவர் வேலை!

ஐரோப்பாவில் 36 கால்பந்து கிளப்புகளை யான் எக்ஸ்ட்ராண்ட் குழுவினர் நான்கு பருவம் பின்தொடர்ந்து 2019இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மருத்துவக் குழுவும் தலைமைப் பயிற்சியாளரும் ஒழுங்காகப் பேசிக்கொள்ளாத கிளப்புகளில் காயச்சுமை அதிகம். இதற்கு இயந்திரம் வேண்டாம், கோடி ரூபாய் வேண்டாம். இரண்டு பேர் பேசிக்கொள்ள வேண்டும், நடுவில் அடிபட்டவனைத் தபால்காரனாக விடாமல்.

அப்புறம், அந்த 'வேண்டாம்' சொல்பவருக்குச் சம்பளம் தருபவர் அணியாக இருக்கக் கூடாது. குத்துச்சண்டை மேடையோரம் உட்கார்ந்திருக்கும் மருத்துவர் எந்த மூலையின் ஆளும் இல்லை. அமெரிக்கக் கால்பந்தில் 2013லிருந்து எந்த அணியையும் சேராத நரம்பியல் நிபுணர்களை மைதான ஓரத்தில் நிறுத்துகிறார்கள், தலையில் அடிபட்டவரைச் சோதிக்க. எங்கள் நாமக்கல்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சேஸிஸ் ஒரு கம்பெனி, பாடி கட்டுவது திருச்சி ரோட்டுப் பட்டறை, வெல்டிங் ஒருவர், பெயின்ட் ஒருவர், முதலாளி ஒருவர், ஓட்டுவது ஒருவர். ஆனால் எஃப்.சி. போடுவது பிரேக் இன்ஸ்பெக்டர். அவர் லஞ்சம் வாங்கலாம், திட்டு வாங்கலாம், ஆனால் கீழே அவர் கையெழுத்து இருக்கும். பிரேக் பிடிக்காமல் வண்டி கவிழ்ந்தால் யார் பார்த்தது என்று தேடிப் போக ஒரு பெயர் இருக்கும். லாரிக்கு இருக்கிற இந்த மரியாதை பதினைந்து வயதுப் பையன் காலுக்கு இல்லை.

மிகைப்படுத்துகிறேன் என்று தோன்றலாம். போன டிசம்பரில் அக்கா பையனை மாவட்டப் போட்டிக்குக் கூட்டிப்போனேன். அணியில் பன்னிரண்டு பிள்ளைகள், பன்னிரண்டு உடல்தகுதிச் சான்று. எல்லாவற்றிலும் ஒரே பேனா, ஒரே தேதி, கோணலாக விழுந்த ஒரே ரப்பர் ஸ்டாம்ப். எங்கள் பையன் ஒரு மாதமாகக் கணுக்காலில் கிரேப் பேண்டேஜ் சுற்றிக்கொண்டிருந்தான். கூட வந்த சாரிடம் கேட்டேன், இவன் காலை யாருங்க பார்த்தது?

"எல்லாத்துக்கும் சேத்துதானுங்க போட்டுக் குடுத்தாங்க" என்றார், அடுத்த டேபிளுக்கு நகர்ந்தபடி.