நாயின் பெயரும் நமது மானமும்

தெருவிலே திரிந்த நாயொன்றை எடுத்து வளர்ப்பவர் அதன் பழைய பெயரை மாற்றலாமா, ஆகாதா என்பது சிறு கேள்வி போலத் தோன்றும். அரிசி விலையையும் பிள்ளைகளின் படிப்பையும் விட்டு நாயின் பெயரைப் பற்றி எழுத வந்தீரோ என்று நேயர்களிற் சிலர் நகைக்கவுங் கூடும். நகைப்பவர் நகைக்கட்டும். தோட்ட அலுவலகத்தில் ஆட்களின் பெயர்களை ஏட்டில் எழுதுவதையே தொழிலாகக் கொண்ட நமக்கு, ஒரு பெயர் ஒருவன் தலையை நிமிர்த்துவதும் குனிய வைப்பதும் நாள்தோறும் கண்கூடு. ஆதலின், மாற்றலாம் என்பது மட்டுமன்று, பல இடங்களில் மாற்றியே தீரவேண்டும் என்பதே நமது கட்சி.

மாற்றலாகாது என்பார் கூறும் காரணங்கள் இரண்டு. முதலாவது, வந்த நாயின் பெயரை மாற்றினால் வீட்டுக்கு ஆகாது என்பது. தம் பெயரின் ஆங்கில எழுத்துக்களில் ஒன்றைக் கூட்டியும் ஒன்றைக் குறைத்தும் எழுதச் சொல்லும் எண் சோதிடனிடம் பாதிச் சம்பளத்தைக் கொட்டிக் கொடுக்கும் அன்பர்களே இதனைக் கூறுகின்றனர்! தமக்கு மாற்றினால் யோகமாம். நாய்க்கு மாற்றினால் தோஷமாம். இதற்கு மறுமொழி எழுதித் தாளை வீணாக்க நாம் விரும்பவில்லை.

இரண்டாவது காரணம் சற்று மதிக்கத்தக்கது. நாய் தன் பெயரை அறியும். அதனைப் பறித்துவிட்டால் அவ்வாயில்லாப் பிராணி திகைத்துப் போகும் என்பர். இரக்கத்தினின்று பிறந்த சொல்லாதலின் இதற்கு விடை கூறுவோம். பெயர் என்பது நமக்குக் குலமும் குடும்பமும் நினைவும் சேர்ந்த ஒன்று. நாய்க்கோ அஃது ஓர் ஓசை. அவ்வோசை கேட்டபின் சோறு வந்ததா, தடவும் கை வந்ததா, அன்றித் தடி வந்ததா என்பதே அது கற்கும் பாடம். சோறு வந்த ஓசைக்கு ஓடிவரும். தடி வந்த ஓசைக்கு வாலை இடுக்கிக் கட்டிலின் கீழ் ஒளியும். அடியோடு பழகிய பெயரைச் சொல்லி நாம் அன்போடு அழைத்தாலும், அதன் காதில் விழுவது பழைய அடியே. அத்தகைய பெயரைக் காப்பாற்றுவது இரக்கமா, கொடுமையா?

மாற்றும் வழியும் எளிது. ஓரிரண்டு அசையில் தெளிவான புதுப் பெயரைத் தேர்ந்துகொள்ளுங்கள். 'வா', 'இரு' என்னும் ஏவல்களோடு மயங்கும் பெயர் வேண்டா. 'வாணி' என்று பெயரிட்டு 'வா' என்று அழைத்தால் நாய் என் செய்யும்? மென்குரலில் ஒரு முறை அழையுங்கள். தலை திரும்பியவுடன் ஒரு துண்டு மீனோ ரொட்டியோ கொடுங்கள். நாளொன்றுக்குப் பல முறை இவ்வாறு செய்யின், சில நாட்களில், அன்றேல் சில வாரங்களில், புதுப் பெயர் படிந்துவிடும். அப்பெயரை வைத்து வையாதீர்கள், அஃதொன்றே விதி. முன்னிருந்தவர் அன்பாக வளர்த்து, அவர் இறந்தமையாலோ ஊர் மாறியமையாலோ கைம்மாறி வந்த நாய், தன் பெயரைக் கேட்டு வாலாட்டி வருமாயின் அப்பெயரே இருக்கட்டும். அங்கே மாற்றுவது வீண் வேலை.

இனி நாம் எழுத வந்த விஷயத்துக்கு வருவோம். நம் தோட்ட லயங்களிலும் பட்டணத்துச் சந்துகளிலும் உடையவனற்ற நாய்க்கெல்லாம் நம்மவர் வழங்கும் பொதுப்பெயர் யாது? 'பறை நாய்' என்பதன்றோ? வீட்டுக்குள் கொண்டுவந்து குளிப்பாட்டிச் சோறு போட்ட பின்னரும், அந்த ஜாதிச் சொல்லையே அதன் பெயராக வைத்துக் கூவி அழைக்கும் வீடுகளை நாம் அறிவோம். நாமறிந்த தோட்டமொன்றில் ஒருவர் மாலையில் வாசலில் நின்று அவ்வாறு தம் நாயைக் கூவினார். நாயும் திரும்பிற்று, அடுத்த வீட்டுச் சிறுவனும் திரும்பினான். அவன் ஏன் திரும்பினான் என்பதை அவ்வரிசையில் உள்ளோர் யாவரும் அறிவர். ஒருவரும் வாய் திறக்கவில்லை. "நாயைத்தானே கூப்பிட்டேன்" என்றார் உரியவர். நாயைத்தான் கூப்பிட்டார், ஆனால், எவர் பெயரால்?

இச்சொல்லின் சரித்திரத்தைச் சிறிது பாருங்கள். பறை என்பது தமிழரின் தொன்மையான கருவி; ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களுள் ஒன்றாகத் தொல்காப்பியம் அதனை எண்ணுகின்றது. அக்கருவியின் பெயரோடு ஒட்டிய ஒரு மக்கட் பெயரைக் கடல் கடந்து வந்த ஐரோப்பியர் கேட்டனர். தாழ்த்தப்பட்டோர் அனைவர்க்கும் அதனைப் பொதுவாக்கினர். பின்னர் ஊர் நாய்க்கும் சூட்டினர். யூல், பர்னல் என்னும் இருவர் தொகுத்து 1886இல் வெளிவந்த 'ஹாப்ஸன்-ஜாப்ஸன்' என்னும் அகராதியிலே 'பரையா நாய்' தனிச்சொல்லாக ஏறியிருக்கின்றது. வெள்ளையர் எழுதினர் என்று அவரை மட்டும் வைது பயனென்ன? மனிதனை நாயினுங் கீழாக வைத்தவர் நம்மவரே. அவர் கண்டதை அவர் எழுதினார்.

இங்ஙனமிருக்க, 2011ஆம் ஆண்டில் நாம் என்ன செய்தோம்? அப்துல்லா ஹுசேன் எழுதி 1971இல் வெளிவந்த 'இண்டர்லோக்' என்னும் மலாய் நாவல் ஐந்தாம் படிவத்துக்கு இலக்கியப் பாடமாக வைக்கப்பட்டது. அதனுள் இதே சொல் நம்மைக் குறித்து வருகின்றது என்று நாடெங்கும் கொதித்தெழுந்தோம். அவ்வாண்டின் இறுதியில் அந்நூல் பாடத்திட்டத்தினின்று நீக்கப்படும் என்ற அறிவிப்பு வந்தது. எழுந்தது நியாயமே. ஆனால், பிறர் நூலில் அச்சொல்லைக் கண்டு துடித்த நாக்கு, மாலையில் தன் வாசலில் நின்று அதே சொல்லால் நாயை அழைப்பது என்ன நியாயம்? பிறன் சொன்னால் இழிவு, நாம் சொன்னால் வழக்கமோ?

இன்னொன்றும் கேட்கின்றோம். இக்காலத்தில் நம் தோட்டங்களில் செம்பனைக் குலை வெட்டுபவர் பலர் வங்காளதேசத்தினின்றும் இந்தோனேசியாவினின்றும் வந்தவர். அவர்களைக் குறிக்கும் ஏளனச் சொல்லை நாய்க்கு இட்டு நகைப்போரும் நம்மிடையே தோன்றியுள்ளனர். கப்பலேறி வந்த நம் பாட்டன்மாரை இந்நாட்டில் எவ்வெப் பெயரால் அழைத்தனர் என்பதை இவர்கள் மறந்தனரா? அடிபட்டவன் தடியைக் கீழே போடவேண்டும்; அடுத்தவன் முதுகைத் தேடலாகாது.

பெயரை மாற்றினால் நிலை மாறுமோ என்பர் சிலர். பெயர் மட்டும் போதாது. ஆயினும் பெயரிலிருந்தே பல மாற்றங்கள் தொடங்குகின்றன. சிங்கப்பூரிலே ஊர்க் கலப்பு நாய்களைச் 'சிங்கப்பூர் ஸ்பெஷல்' என்று பெருமிதமாக அழைக்கின்றனர். 2012ஆம் ஆண்டு முதல், வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் இந்நாய்களைச் சில நிபந்தனைகளோடு எடுத்து வளர்க்கவும் ஒரு திட்டம் வந்துள்ளது. அதே நாய், அதே வால். ஒருவர் வாயில் வசவு, மற்றொருவர் வாயில் ஊரின் பெருமை. மனிதர் விஷயத்திலும் இதனைக் கண்டோம். 1929ஆம் ஆண்டு செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாட்டில், பெயரின் வாலாக ஒட்டிக் கிடந்த ஜாதிப் பட்டங்களை விடவேண்டுமென்று தீர்மானித்தனர். பலர் விட்டனர். விட்டமையால் எவர் வீட்டுக் கூரையும் இடிந்து விழவில்லை.

ஆகவே தோழர்களே, நாயை எடுத்து வளருங்கள், மிக நன்று. அதற்கு ஊசி போடுங்கள். குட்டி பெருகாதபடி மருத்துவரிடம் காட்டுங்கள். அதனோடு, அதற்கொரு நல்ல பெயரும் இடுங்கள். மணி என்றாலும் சரி, வீரன் என்றாலும் சரி, டைகர் என்றாலும் சரி. எந்த மனிதனையும் குனிய வைக்காத பெயராக இருக்கட்டும். இன்று மாலையே தொடங்குங்கள். சில வாரங்களில் நாய் பழைய பெயரை மறந்துவிடும். நாயால் இயல்வது நம்மால் இயலாதா?