அளவெடுக்காமல் விற்கும் சைக்கிள்

சட்டை தைக்கப் போனால் டெய்லர் கழுத்து, தோள், கை, மார்பு என்று டேப்பை ஓட்டிய பிறகுதான் துணியில் கத்தரி வைப்பார். செருப்புக் கடையில்கூட ஏழா எட்டா என்று கேட்காமல் பெட்டியைத் திறப்பதில்லை. சைக்கிள் கடையில் மட்டும் என்ன கேட்கிறார்கள்? "என்ன கலர்? கியர் வேணுமா, வேணாமா?" பிறகு ஏறி உட்காரச் சொல்லி ஒரே ஒரு பரீட்சை. "ரெண்டு காலும் தரையில படுதா? அப்ப சரி, எடுத்துக்கோங்க."

அந்தப் பரீட்சையே தப்பு. சீட்டில் உட்கார்ந்தபடி இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் பதிந்தால், பெரும்பாலான சைக்கிள்களில் சீட் ரொம்பத் தாழ்வாக இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

இதைச் சொன்னால் உடனே ஒரு சிரிப்பு வரும். "அப்பாவோட சைக்கிள்ல குரங்கு பெடல் போட்டுக் கத்துக்கிட்ட ஊருய்யா இது. சைக்கிளுக்கு அளவாம், ஃபிட்டிங்காம்!" குரங்கு பெடல் போட்ட பையன் தெருக்கோடி வரை போய்த் திரும்பினான். கல்லூரிக்கோ வேலைக்கோ தினமும் ஒரு மணி நேரம் மிதிக்கிறவர் கதை வேறு. நிமிடத்துக்கு 80 சுற்று என்று வைத்தால், அந்த ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு முழங்காலும் 4,800 முறை மடங்கி நீள்கிறது. சீட் தாழ்ந்திருந்தால் முழங்காலின் முன்பக்கம் வலிக்கும். அளவுக்கு மேல் உயர்ந்திருந்தால் இடுப்பு இரண்டு பக்கமும் ஆடும், முழங்காலின் பின்பக்கம் இழுக்கும். ஹேண்டில்பார் எட்டாத தூரத்தில் இருந்தால் பாரமெல்லாம் கையில் இறங்கி, சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போகும்.

இதில் கொடுமை என்னவென்றால், வலி வந்தவர் சைக்கிளைக் குறை சொல்வதில்லை. "நமக்கு இதெல்லாம் ஒத்துவராது" என்று தன்னையே குறை சொல்லிக்கொள்கிறார். இரண்டே மாதத்தில் சைக்கிள் துணி காயப்போடும் கொடியாகிறது. ஐந்தடி உயரப் பெண்ணிடம் ஐந்தே முக்கால் அடி ஆணுக்கான ஃபிரேமைத் தள்ளிவிட்டால் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

முறையாக ஃபிட்டிங் செய்பவர் முதலில் பழைய அடி, வலி பற்றி விசாரிப்பார். உடம்பு எவ்வளவு வளைகிறது என்று பார்ப்பார். சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி மிதிக்கச் சொல்லி, பெடல் கீழே வரும்போது முழங்கால் சுமார் 25 முதல் 35 டிகிரி மடங்கியிருக்கிறதா என்று கவனிப்பார். அதன்படி சீட்டின் உயரம், முன்பின் தூரம், ஹேண்டில்பார் எல்லாவற்றையும் சரிசெய்வார். இதில் மந்திரமும் இல்லை, பணக்காரத் திமிரும் இல்லை.

ஆனால் இதைப் பணக்காரச் சரக்காக்கிய கூட்டமும் உண்டு. முதலில் பொருந்தாத சைக்கிளை விற்பது, வலி வந்த பிறகு ஃபிட்டிங் என்று தனியாக ஒரு பில் போடுவது. இது தலைகீழ் வியாபாரம். சீட்டை ஏற்றலாம், இறக்கலாம். ஹேண்டில்பாரைக் கொஞ்சம் கிட்டே கொண்டுவரலாம். ஃபிரேமின் நீளத்தை யார் மாற்றுவது? தைத்து முடித்த பேண்ட்டில் இரண்டு சைஸ் கூட்ட எந்த டெய்லராலும் முடியாது.

"ஃபிட்டிங் ஒன்றும் துல்லியமான விஞ்ஞானம் இல்லையே" என்பார்கள். உண்மைதான். ஒரே உயரமுள்ள இரண்டு பேருக்கே கால் நீளம் வேறுபடும். சூத்திரம் சொல்வதை உடம்பு மறுக்கவும் செய்யும். அதற்காக அளவே வேண்டாம் என்றால் எப்படி? தூர் தெ பிரான்ஸ் பந்தயத்தை 1986, 1989, 1990 என மூன்று முறை வென்ற கிரெக் லெமாண்ட் பிரபலமாக்கிய கணக்கு ஒன்று உண்டு. வெறுங்காலோடு சுவரில் சாய்ந்து நின்று, தொடையிடுக்கிலிருந்து தரைவரை அளந்து, அதை 0.883 ஆல் பெருக்க வேண்டும். 80 செ.மீ. கால் என்றால் சுமார் 70.6 செ.மீ. பெடல் தண்டு சுற்றும் அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேல்பக்கம் வரை அந்த உயரம் வைத்துத் தொடங்கலாம். தேவை ஒரு டேப், ஒரு ஸ்பேனர், பத்து நிமிடம்.

அந்தப் பத்து நிமிடத்தைத் தராத கடைக்கு ஆயிரக்கணக்கில் பணம் கேட்க என்ன உரிமை? வாங்கப் போகிறவர் ஒரே ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

"அண்ணே, மொதல்ல டேப்பை எடுங்க. பில் புக்கை அப்புறம் எடுக்கலாம்."