மனநோய்க்கும் மருந்து உண்டு!

மூங்கில்துறைப்பட்டு, கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உள்ளது. தென்பெண்ணை ஆறு பாயும் ஊர். சர்க்கரை ஆலை உள்ள ஊர். சுற்றிலும் கரும்புத் தோட்டங்கள்.

கரும்பு வெட்டும் தொழிலாளி ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வார்? ஆஸ்பத்திரிக்கு ஓடுவார்.

அவருக்கே பல நாளாகத் தூக்கம் இல்லை, தனியே உட்கார்ந்து பேசுகிறார் என்றால்? "காத்து கருப்பு பட்டுவிட்டது" என்பார்கள். மந்திரிப்பார்கள். மாதங்கள் ஓடிவிடும். நோய் முற்றிவிடும்.

எந்த ஊரிலும் இப்படி நடக்கலாம்.

28 உயிர்கள்

இதன் முடிவு எவ்வளவு கொடியது என்பதை ஏர்வாடி காட்டியது. 2001 ஆகஸ்டு 6-ந் தேதி அதிகாலையில் அங்கு ஒரு மனநோயாளிகள் கொட்டகையில் தீப்பிடித்தது. பலர் சங்கிலியால் கட்டப்பட்டு இருந்தனர். ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர்.

மனநோயாளியைச் சங்கிலியால் கட்டக்கூடாது என்று 2017-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அரசாங்க வைத்தியம் பெறும் உரிமையையும் அது கொடுத்திருக்கிறது.

சங்கிலி போனால் போதுமா? வைத்தியம் பக்கத்தில் இருக்க வேண்டாமா?

கோவா காட்டிய வழி

மாவட்ட மனநலத் திட்டம் 1996-ல் தொடங்கியது. மனநோய் டாக்டர், மனநல ஆலோசகர், சமூகப் பணியாளர், நர்சு ஆகியோர் இதில் உண்டு. ஆனால் ஒரு டாக்டர் எத்தனை கிராமங்களைப் பார்ப்பார்?

இதற்குக் கோவாவில் ஒரு வழி கண்டார்கள். டாக்டருக்குப் படிக்காத உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி தந்தார்கள். அவர்கள் ஆரம்ப சுகாதார நிலையங்களில் உட்கார்ந்து, மனச்சோர்வும் பதற்றமும் உள்ளவர்களோடு பொறுமையாகப் பேசினார்கள். தேவையானவர்களை டாக்டரிடம் அனுப்பினார்கள்.

பலன்? ஆறு மாதத்தில் 100-க்கு சுமார் 66 பேர் குணம் அடைந்தனர். இந்த உதவி இல்லாத நிலையங்களில் குணம் அடைந்தவர்கள் சுமார் 43 பேர்தான். 2010-ல் வெளியான கணக்கு இது.

இரண்டே கேள்விகள்

தமிழ்நாட்டில் 2021 முதல் "மக்களைத் தேடி மருத்துவம்" நடக்கிறது. ரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரை நோய்க்கும் ஊழியர் வீடு தேடி வந்து மாத்திரை கொடுக்கிறார். வீட்டாரை அறிந்தவர் அவர்.

"நன்றாகத் தூங்குகிறீர்களா? மனதில் பாரம் ஏதும் உண்டா?" என்ற இரண்டு கேள்விகளையும் அவர் கேட்டால், நோய் தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். மருந்து எழுதுவது டாக்டர் வேலை. கண்டுபிடித்து அழைத்து வருவதும், மாத்திரையைப் பாதியில் நிறுத்தாமல் பார்ப்பதும் ஊழியர் வேலை. அதற்குப் பயிற்சியும் வேண்டும். போதிய ஆட்களும் வேண்டும்.

வீட்டில் யாருக்காவது மனம் சரியில்லையா? மறைக்க வேண்டாம். 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். இரவும் பகலும் பேசலாம். காசு கிடையாது.

காய்ச்சல் வந்தால் யாரும் வெட்கப்படுவது இல்லை. இதற்கு மட்டும் வெட்கம் எதற்கு?