துணைச் சிகிச்சைக்கு யார் பொறுப்பு?

இதயத்தசை அழற்சிக்கு மின்காந்தப் புலத்தைத் துணைச் சிகிச்சையாக அளிக்கலாம் என்ற பேச்சு பரவிவருகிறது. காந்த மெத்தைகள் வீடு தேடி வந்து விற்கப்படும் நம் ஊர்களில் இதற்கு வாடிக்கையாளர் கிடைப்பது கடினமன்று. ‘மருந்தை நிறுத்த வேண்டாம், கூடவே இதையும் செய்துகொள்ளுங்கள்’ என்பதே அழைப்பு. தீங்கற்றதாகத் தோன்றும் அந்தக் ‘கூடவே’ என்ற சொல்லைப் பொருளாதாரம் பயிற்றுவித்தவன் என்ற முறையில் நான் ஆராய விரும்புகிறேன்.

மின்காந்தச் சிகிச்சை முழுப் பொய்யன்று. எளிதில் கூடாத எலும்பு முறிவுகளுக்கு 1979-லும், மருந்துக்கு இணங்காத மனச்சோர்வுக்கு 2008-லும் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இதனை ஏற்றது. சென்னை மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவன விஞ்ஞானிகள், எலிகளின் மூட்டு அழற்சி இதனால் தணிவதாக 2005-ல் ஆய்வு வெளியிட்டனர். ஆனால், எலியின் மூட்டுக்கும் மனிதரின் இதயத்துக்கும் இடையிலான தொலைவு பெரிது. இதயத்தசை அழற்சிக்கான முன்னணி மருத்துவ வழிகாட்டுதல்களில் இச்சிகிச்சைக்கு இடமில்லை.

வரவு ஒருவருக்கு, செலவு இன்னொருவருக்கு

பெரும்பாலும் வைரஸ் தொற்றால் வரும் இந்நோய், பலருக்கு ஓய்விலும் மருத்துவக் கண்காணிப்பிலும் தணிந்துவிடுகிறது. சிலருக்கோ இதயச் செயலிழப்பு வரை செல்கிறது. துணைச் சிகிச்சை பெற்றவர் தேறினால் பெருமை கருவிக்குச் சேரும். தேறாவிட்டால் பழி நோய்க்கும் மருத்துவமனைக்கும் போகும். இலாபத்தில் மட்டும் பங்கு, நட்டத்தில் பங்கில்லை என்ற இந்த ஏற்பாட்டை வேறெந்த வணிகத்திலும் நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம். வாங்கிப் பயன்படுத்திய பின்னரும் பயனை அளக்க முடியாத சரக்கு மருத்துவம். இங்கே வாங்குபவரின் அறியாமையே விற்பவரின் மூலதனமாகிவிடும் என்பதை 1963-லேயே கென்னத் ஆரோவின் கட்டுரை நமக்கு உணர்த்தியது.

இச்சிக்கலை அவிழ்க்கும் வழி பழையது. காரைக்காலை நெடுங்காலம் ஆண்ட பிரான்சில், மெஸ்மர் என்பவரின் ‘உயிர்க் காந்த’ மருத்துவம் புகழ்பெற்றிருந்தது. 1784-ல் மன்னர் அமைத்த குழுவில் பெஞ்சமின் பிராங்க்ளினும் லவாய்சியேவும் இருந்தனர். கண்களைக் கட்டிச் சோதித்தபோது, காந்தம் ஏற்றப்படுவதாக நம்பியவர்கள், ஏற்றப்படாதபோதும் துடித்தனர். ஏற்றப்படுவதை அறியாதவர்கள் ஒன்றும் உணரவில்லை. இன்றைய கருவிக்கும் இத்தகைய சோதனையே உரைகல்.

இழக்கப்படும் வாய்ப்பு

ஒரு செலவின் உண்மை விலை, அதனால் நாம் இழக்கும் மாற்று வாய்ப்பே. இதய அழற்சிக்கு இன்னொரு காரணம் ருமாட்டிக் காய்ச்சல். குழந்தைகளின் தொண்டைத் தொற்றில் தொடங்கி, இதய வால்வுகளைக் கெடுக்கும் இந்நோய் மீண்டும் வராமல் காப்பது, மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை போடப்படும் பென்சிலின் ஊசி. விலை மலிவு, ஆதலால் அதற்கு விளம்பரமில்லை. கடலோரக் குடும்பமொன்று கருவிக்காகக் கடன் வாங்கி, ஊசிக்கான நாளைத் தவறவிட்டால் இழப்பு பணத்தோடு நிற்காது. பேஸ்மேக்கர் பொருத்தியவர்களுக்கோ மின்காந்தப் புலம் நேரடி ஆபத்தாகவே முடியலாம்.

சட்டம் இல்லாமலில்லை. காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியிலிருந்து விடுபட்ட அதே 1954-ல் இயற்றப்பட்ட மருந்துகள், மாய நிவாரணங்கள் சட்டம், இதய நோயைக் குணப்படுத்துவதாக மட்டுமல்ல, தணிப்பதாக விளம்பரம் செய்வதையும் தடுக்கிறது. ஆகவே, ‘துணை’ என்ற சொல் தப்பிக்கும் வழியாகாது. இச்சட்டத்தைப் புதுச்சேரி அரசு உயிர்ப்புடன் செயல்படுத்த வேண்டும்.

ஆய்வுக்குக் கதவடைக்கச் சொல்லவில்லை. காரைக்காலில் 2016 முதல் ஜிப்மரின் மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. நம்பிக்கைக்குரிய சிகிச்சை என்று கருதுவோர், அத்தகைய நிறுவனத்தின் மேற்பார்வையில், இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் பதிவுசெய்து, நோயாளியிடம் கட்டணம் பெறாமல் சோதிக்கட்டும். நிரூபிக்க வேண்டிய செலவு விற்பவருடையது. இன்று அதனை நோயாளி செலுத்திக்கொண்டிருக்கிறார்.

*(கட்டுரையாளர், பணிநிறைவு பெற்ற பொருளாதாரப் பேராசிரியர்)*